டாக்டர் நீலமேகம் நாலாவது மாடிக்கு வரவும்

அந்தப் பச்சைக் கவரு உங்களுதா தம்பி? இல்ல, சும்மா கேட்டேன். அந்த ஆஸ்பத்திரிக் கவரை எங்க பார்த்தாலும் எனக்குத் தெரிஞ்சுரும். எங்க வீட்டு பீரோ மேல இதே பச்சையில ஒரு கட்டு கிடக்கு. யாருக்கு, அப்பாவுக்கா? நெஞ்சா? அட, அப்ப நீங்க சரியான சீட்டுலதான் வந்து உக்காந்திருக்கீங்க. திருநெல்வேலி போய்ச் சேருறதுக்குள்ள நான் சொல்லுத ஒரே ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கிடுங்க, போதும்.

அங்க போனதும் டாக்டர் நீலமேகத்தைக் கேளுங்க.

போர்டுல பேரு இருக்காது. ரிசப்ஷன்ல கேட்டா அந்தப் பிள்ளைக ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பார்த்துக்கிட்டுச் சிரிப்பாக. அப்படி ஒரு டாக்டரே இல்லன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லுவாக. விட்டுறாதீங்க. நான் விடல. விடாததுனாலதான் இன்னைக்கு ஜோடியா பஸ்ஸுல போறேன்.

அந்தா, டிரைவருக்குப் பின்னால ஜன்னலோரமா, மெரூன் சேலை. அதான் என் வீட்டுக்காரி, சண்முகவடிவு. நெஞ்சைத் திறந்து மூடின ஆளு மாதிரியா இருக்கு? செக்கப்புக்குத்தான் போறோம். காத்து வேணும்னு முன்னால போயிட்டா. நான் பேசிக்கிட்டே வந்தா அவளுக்குத் தலை வலிக்கும்னும் ஒரு காரணம் சொன்னா. அது சும்மா.

என் பேரு குருவையா. சங்கரன்கோவில்ல குருவையா சவுண்ட் சர்வீஸ்னு கேட்டா யாரும் சொல்லுவாக. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் மைக் செட்டு நம்மதுதான். மரத்துல ஏறிக் குழாய் கட்டின காலத்துல இருந்து இந்தத் தொழில்தான். ஒரு ஸ்பீக்கர்ல குரல் வந்துச்சுன்னா, பேசுறது யாரு, மைக்கை எவ்வளவு கிட்டத்துல வச்சிருக்காக, மனசுல என்ன நினைச்சுக்கிட்டுப் பேசுறாக, எல்லாம் நான் சொல்லிருவேன். அந்தக் காதுதான் தம்பி நீலமேகத்தைக் கண்டுபிடிச்சுது.

போன ஐப்பசியில இவளுக்கு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, இடது தோள்பட்டை வலிக்குதுன்னு ஆரம்பிச்சுது. உள்ளூர் டாக்டர் பார்த்துட்டு, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கன்னுட்டாரு. அங்க எபநேசர்னு பெரிய சர்ஜன். படம் எடுத்துப் பார்த்தவரு, "அடைப்பு இருக்கு, ஆபரேஷன்தான் வழி, தள்ளிப் போடாதீங்க"ன்னாரு. நாலாவது மாடியில பெண்கள் வார்டு. பகல்ல நம்ம பக்கத்துல உக்காந்துக்கிடலாம். ராத்திரி ஆனா வாட்ச்மேன் வந்து ஆம்பளைகளைக் கிளப்பி விட்டுருவாரு.

அவ கட்டிலுக்கு நேரா மேல, சீலிங்ல ஒரு ஸ்பீக்கர். எனக்கு வேற என்ன வேலை? அதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். கீழ ஒரு சின்ன ரூம்ல இருந்து பிரிசில்லான்னு ஒரு பிள்ளை பேசும். நல்ல குரல். கொஞ்சம் 'ட்ரெபிள்', அதான் அந்தக் கீச்சுச் சத்தம், கூட வச்சிருந்தாக, அது அவுக தப்பு. "டாக்டர் பரமசிவம் ஓ.பி.க்கு வரவும்." "ஃபார்மசி செல்வி போனை எடுக்கவும்." இப்படி. சாப்பிட்டுட்டுச் சாய்ஞ்சு உக்காந்து பேசுற குரல். யாரும் அதுக்கெல்லாம் அசையமாட்டாக. பரமசிவம் எங்க பக்கத்துலயே நின்னு போன்ல சிரிச்சுக்கிட்டு இருப்பாரு.

செங்கதிர்னு ஒரு ஆளு உண்டு. "திரு. செங்கதிர் சமையலறைக்கு வரவும்"னு ஒரு நாள் கூப்பிட்டாக. உடனே செக்யூரிட்டிக சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு ஓடினாக. கொஞ்ச நேரம் கழிச்சு, ஒண்ணுமில்ல, எண்ணெய்ச் சட்டி பத்திக்கிச்சுன்னு திரும்பி வந்தாக. மேனேஜரோ என்னமோ. அவருக்கு எதுக்கு சிலிண்டர் தூக்குறாகன்னு எனக்கு இன்னைக்கும் புரியல. நமக்கு எதுக்கு அது.

ஆனா நீலமேகம்னு பேரு வந்தா நிலைமையே வேற தம்பி. அந்தப் பிள்ளை நிமிர்ந்து உக்காருறது எனக்கு நாலாவது மாடியில கேக்கும். "டாக்டர் நீலமேகம், ரெண்டாவது மாடி, ஐ.சி.யு. டாக்டர் நீலமேகம், ரெண்டாவது மாடி, ஐ.சி.யு." திருப்பித் திருப்பி, வேகமா, ஒரு எழுத்து பிசகாம. 'வரவும்'கூடக் கிடையாது. அவ்வளவுதான், நர்ஸ் கையில வச்சிருந்த டிரேயை அப்படியே போட்டுட்டு ஓடும். சின்ன டாக்டர்களெல்லாம் படியில ஓடுதாக. லிஃப்டுல ஏறினவங்களை இறக்கி விடுதாக. ஒரே நாள்ல ரெண்டாவது மாடி, கேஷுவாலிட்டி, திரும்ப ஐ.சி.யு. ஒரே மனுஷன்! நான் வடிவுகிட்ட சொன்னேன், "ஏ, இங்க ஒருத்தர் இருக்காரு. உசுரு போற இடத்துக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுதாக. உனக்கும் அவருதான்."

அவ, "எபநேசர் டாக்டருக்கு என்ன குறைச்சல்?"னு கேட்டா.

குறைச்சல்னு இல்ல தம்பி. உங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன. எங்க அண்ணன் கோமதிமுத்துவை இன்னொரு ஊர்ல, இன்னொரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். பெரிய டாக்டர் வாராரு வாராருன்னே சொன்னாக. வந்து பார்த்தது பூரா படிச்சு முடிச்ச கையோட வந்த பிள்ளைக. பெரிய டாக்டர் வந்தாரு, அண்ணன் போனதுக்கப்புறம். வந்து என் தோள்ல கையைப் போட்டு, "ரொம்ப லேட்டாக் கொண்டு வந்துட்டீங்க"ன்னாரு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனி நம்ம வீட்டு ஆளை யாரு தொடணும்னு நான்தான் சொல்லுவேன்னு.

அதனால வார்டு சிஸ்டர்கிட்டப் போனேன். கனகபுஷ்பம்னு பேரு, கண்டிப்பான அம்மா. "சிஸ்டர், எங்க வீட்டுக்காரிக்கு நீலமேகம் டாக்டர் ஆபரேஷன் பண்ணட்டும்"னேன்.

அந்தம்மா என்னை ஒரு ஓரமாக் கூட்டிக்கிட்டுப் போனாக. "ஐயா, மெதுவாப் பேசுங்க. நீலமேகம்னு ஒரு டாக்டரே கிடையாது. அது ஒரு குறிப்புச் சொல். யாருக்காவது மூச்சு நின்னா, இதயம் நின்னா, அந்தப் பேரைச் சொல்லி அறிவிப்போம். அதுக்குன்னு ஒரு டீம் இருக்கு, அவங்க ஓடி வருவாங்க. நேரடியாச் சொன்னா வார்டுல இருக்கிற மத்த நோயாளிங்க பயந்துருவாங்க. அதுக்குத்தான் ஆள் பேரு மாதிரி வச்சிருக்கோம்."

எப்படி இருக்கு கதை? என் காதுல பூச்சுத்தப் பாக்குதாக! நான் கேட்டேன், "ஏன் சிஸ்டர், ஆளே இல்லாட்டா அவரைக் கூப்பிட்டதும் எதுக்கு இத்தனை பேரு ஓடுறீங்க? இல்லாத ஆளுக்கா ஓடுவீங்க?"

  உடனே அந்தம்மா, யாரோ பெல் அடிச்சாகன்னு போயிட்டாக. ஒவ்வொரு கட்டில்லயும் வயரோட ஒரு சிவப்புப் பொத்தான் தொங்கும், அமுக்கினா சிஸ்டர் மேசையில விளக்கு எரியும். எனக்குத் தெரிஞ்சு அந்தம்மா பதில் சொல்லத் தெரியாதப்பல்லாம் யாரோ பெல் அடிச்சிருக்காக.

வடிவுகிட்ட வந்து சொன்னேன். அவ நிம்மதியாத் தலையாட்டி, "அப்படியா, அதான் ஓடுதாகளா. நல்ல ஏற்பாடு"ன்னா. அவ்வளவு வெள்ளை மனசு. யாரு என்ன சொன்னாலும் நம்பிருவா.

எனக்குத் தெரியாதா தம்பி இதெல்லாம்? மந்திரிக்கும் மில் முதலாளிக்கும் மட்டும்னு ஒரு டாக்டரை ஒளிச்சு வச்சிருக்காக. நம்மளை மாதிரி ஆளுக கேட்டா குறிப்புச் சொல்லாம்! எபநேசர் டாக்டர்கிட்டயே நேராப் போய்ச் சொல்லிட்டேன். "நீலமேகம் வராம நான் கையெழுத்துப் போடமாட்டேன்." அவரு கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு. "மிஸ்டர் குருவையா, நான் இத்தனை வருஷத்துல நீலமேகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. பார்த்தா உங்ககிட்ட அனுப்புறேன். இப்ப தயவு செஞ்சு கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. பாருங்க, அவ்வளவு பெரிய சர்ஜனுக்கே பார்க்கக் கிடைக்கல! அப்ப அவரு எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும்?

ரெண்டு தடவை ஆபரேஷன் தேதி குறிச்சாக, ரெண்டு தடவையும் நான் தள்ளிப் போட்டேன். அந்த வார்டுல ஷமீமான்னு ஒரு சின்ன டாக்டரம்மா. சொன்னா நம்பமாட்டீங்க, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை மாதிரிதான் இருக்கும். காலையில வந்து வடிவு கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துரும். "ஐயா, தள்ளிப் போடப் போட ஆபத்து"ன்னு என்கிட்டக் கெஞ்சும். நான், "பாப்பா, நீ நல்லாப் படி"ன்னு சொல்லி அனுப்பிருவேன். வடிவு எனக்குத் தெரியாம என் தொடையில கிள்ளுவா.

இனி நாமளே பார்த்துக்கிட வேண்டியதுதான்னு பிரிசில்லா ரூமுக்குப் போனேன். கீழ, லிஃப்டுக்குப் பக்கத்துல, கண்ணாடிக் கதவு. "எம்மா, ஒரே ஒரு தடவை நீலமேகத்தை நாலாவது மாடிக்குக் கூப்பிடு"ன்னேன். அந்தப் பிள்ளை பதறிப்போச்சு. "ஐயையோ, அந்தப் பேரைச் சும்மா சொல்லக் கூடாது சார். சொன்னா அத்தனை பேரும் கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவாங்க."

"அதுதாம்மா எனக்கும் வேணும்"னேன். மாட்டேன்னுருச்சு.

மறுநாள் மத்தியானம் அந்தப் பக்கமாப் போறேன். பிள்ளை டிபன் பாக்ஸைக் கழுவப் போயிருக்கு. கதவு திறந்து கிடக்கு. மைக் மேசையில தனியா நிக்கு. பக்கத்துல ஆம்ப்ளிஃபயர். என்னன்னு நினைச்சீங்க, நம்ம கடையில கிடக்கிற அதே மாடல்! அதைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்குமா? உக்காந்துட்டேன். சுவிட்சைத் தட்டினேன். பழக்க தோஷம் தம்பி, வாய் தானா, "ஹலோ, மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ"ன்னுருச்சு. ஆஸ்பத்திரி பூரா கேட்டுச்சு. அதுக்கப்புறம் நிறுத்த முடியுமா? "மதிப்பிற்குரிய டாக்டர் நீலமேகம் அவர்களை, நாலாவது மாடி பெண்கள் வார்டில், திருமதி சண்முகவடிவு அம்மாள் அவர்களின் கட்டிலுக்கு உடனடியாக வருகை தருமாறு அன்புடன் அழைக்கிறோம்." என்ன ஒரு தெளிவு! ட்ரெபிளைக் குறைச்சு வச்சுட்டுத்தான் பேசினேன்.

அவர் எப்படி இருப்பாருன்னு பார்த்துரணும்னு மேல ஓடினேன். லிஃப்டு கிடைக்கல, படிதான். நான் போறதுக்குள்ள வடிவு கட்டிலைச் சுத்திக் கூட்டம். வண்டி, மெஷின், ஆக்சிஜன் எல்லாம் வந்துருச்சு. இவ பாவம், தலை சீவிக்கிட்டு இருந்திருக்கா. சீவின கையோட பிடிச்சு மல்லாக்கச் சாய்ச்சிருக்காக. நெஞ்சுல கை வைக்கப் போன ஷமீமா கையைப் பிடிச்சுக்கிட்டு, "எம்மா, எம்மா, நான் உசுரோடதான் இருக்கேன்!"னு கத்துதா. வாயில ஹேர்பின்.

 ஓடி வந்த இரைப்பு மட்டும் கேக்குது. ஷமீமாவுக்கு மூச்சு இழுக்குது, அப்படியே கட்டில் ஓரத்துல உக்காந்துருச்சு. எல்லாரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தாக. நான் அவுகளைப் பார்த்தேன், ஒவ்வொரு மூஞ்சியா. எல்லாம் சின்ன வயசுக்காரக. நீலமேகம் இல்ல.

அப்பத்தான் எனக்கு அவரு மேல மரியாதை கூடிச்சு. பாருங்க, இத்தனை பேரும் ஏமாந்து ஓடி வந்துருக்காக, அவரு மட்டும் வரல. குரலைக் கேட்டதுமே இது நம்ம பிரிசில்லா இல்லன்னு கண்டுபிடிச்சிருக்காரு. காது உள்ள மனுஷன்.

கனகபுஷ்பம் சிஸ்டர் என்னைத் திட்டின திட்டு இருக்கே. "இந்த நேரத்துல நெஜமாவே ஒருத்தருக்கு நின்னுருந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னாக. "அதான் நிக்கலையே சிஸ்டர்"னேன். அதுக்கு மேல ஏன் கோபப்பட்டாகன்னு தெரியல. எபநேசர் டாக்டர் ஆபரேஷன் தொப்பியோட வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாரு. செக்யூரிட்டி வந்து என் கையைப் பிடிச்சு லிஃப்டுல இறக்கினான். இனிமே பார்வையாளர் நேரத்துக்கு மட்டும்தான் வார்டுக்குள்ள விடணும்னு உத்தரவு. கட்டுன புருஷனுக்கு!

சாயங்காலம் பார்க்கப் போனேன். வடிவு முகத்தைத் திருப்பிக்கிட்டா. "அந்தப் பிள்ளைக எப்படி ஓடி வந்துச்சுகன்னு பார்த்தீகளா?"ன்னா.

"பார்த்தேன். அவரு வரலையே."

அவ அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல, முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. அப்புறம் நிதானமாச் சொன்னா, "டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். நோயாளிக்கு நினைவு இருந்தா அவுக கையெழுத்தே போதுமாம். நெஞ்சு என்னுது. கையெழுத்தும் என்னுதாவே இருக்கட்டும். போட்டுட்டேன். திங்கக்கிழமை ஆபரேஷன்."

 பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். எனக்கு அவ்வளவு வருத்தம். அவளுக்காகத்தான் தம்பி இவ்வளவும் பண்ணேன்.

ஞாயித்துக்கிழமை. பார்வையாளர் நேரம் இன்னும் வரல. கீழ கேன்டீன்ல உளுந்தவடையும் டீயும் வாங்கி வச்சிருக்கேன். ஸ்பீக்கர்ல பிரிசில்லா. "டாக்டர் நீலமேகம், நாலாவது மாடி, பெண்கள் வார்டு. டாக்டர் நீலமேகம், நாலாவது மாடி, பெண்கள் வார்டு."

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நினைக்கீங்க? சந்தோஷம்! பொய் சொல்லல, சந்தோஷம்தான். நம்ம மாடி! நம்ம வார்டு! இன்னைக்கு மாட்டினாரு, வாசல்லயே காலைப் பிடிச்சு வடிவு கட்டிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரணும். வடையை அப்படியே போட்டுட்டு ஓடினேன். படியில சிரிச்சுக்கிட்டே ஏறுதேன் தம்பி. ஷமீமா என்னைத் தாண்டிக்கிட்டு ஓடுச்சு, ரெண்டு ரெண்டு படியா. "பாப்பா, அவரு வந்துட்டாராம்மா?"ன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கல. அதுக்குப் பின்னால முந்தாநாள் வந்த அதே கூட்டம், அதே வண்டி. முந்தாநாள் ஏமாந்தாகல்ல, இன்னைக்கு கொஞ்சம் மெதுவா வருவாகன்னுதான நினைப்போம்? இல்ல. இன்னும் வேகமா ஓடுதாக. என்னைத் தடுக்க வேண்டிய செக்யூரிட்டி, லிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான்.

வார்டுக்குள்ள ஒரு கட்டிலைச் சுத்தித் திரை இழுத்திருக்கு. எந்தக் கட்டில்னு எட்டிப் பார்க்கேன். திரைக்குக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் விலகியிருந்துச்சு. போர்வைக்கு வெளிய ரெண்டு பாதம். உள்ள யாரோ அழுத்த அழுத்த அந்தப் பாதம் ரெண்டும் ஆடுது.

மெட்டி போட்ட அந்த விரல் எனக்குத் தெரியாதா தம்பி.

அடுத்த கட்டில்காரம்மா என்னைப் பார்த்ததும் அழுதுக்கிட்டே சொன்னாக, "பேசிக்கிட்டேதான் இருந்தாங்க. வார்த்தை பாதியில நின்னு போச்சு. நான்தான் பொத்தானை அமுக்கினேன்." நான் அப்படியே நின்னேன். இத்தனை வருஷம் ஊரு கேக்க மைக்குல பேசினவன். 'வடிவு'ன்னு ஒரு வார்த்தை, அது வரல.  ஸ்பீக்கர் தலைக்கு மேல இன்னும் அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. வாங்க சாமி, சீக்கிரம் வாங்க சாமின்னு மனசுக்குள்ள கும்பிட்டேன்.

திரை இடுக்கு வழியாத் தெரியுது. ஷமீமா கட்டில் மேல முட்டி போட்டு ஏறி உக்காந்து ரெண்டு கையாலயும் அழுத்துது. அந்தச் சின்ன உடம்புல அவ்வளவு பலம் எங்க இருந்து வந்துச்சோ. சிஸ்டர் சத்தமா எண்ணுதாக. கை ஓய்ஞ்சா ஒரு ஆண் நர்ஸ் மாத்தி அழுத்துறான். "எல்லாரும் தள்ளுங்க"ன்னு ஒரு சத்தம். ரெண்டு பாதமும் ஒரு தூக்கு தூக்கி விழுந்துச்சு. திரும்ப அழுத்துதாக. திரும்பவும், "தள்ளுங்க." நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் அந்த மெஷின் சத்தம் மாறுச்சு. எனக்கு வைத்தியம் தெரியாது, சத்தம் தெரியும். ஒரே இழுப்பா இருந்தது, விட்டு விட்டு, விட்டு விட்டு, ஒழுங்கா வர ஆரம்பிச்சுது. உள்ள யாரோ, "வந்துட்டாங்க"ன்னாக. இத்தனை கொடை, கச்சேரி கேட்டிருக்கேன், அந்தச் சத்தம் மாதிரி ஒண்ணைக் கேட்டதில்ல.

திரையை விலக்கினாக. ஷமீமா கீழ இறங்கி, தரையில சுவத்துல சாஞ்சு உக்காந்துருச்சு. வேர்வை கண்ணுக்குள்ள இறங்குது, துடைக்கக் கையைத் தூக்க முடியல. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே ஒவ்வொருத்தரையாப் பார்த்தேன். நாலு பேரு மூஞ்சியில மாஸ்க். "யாரு நீலமேகம் டாக்டர்? எங்க அவரு?"

கனகபுஷ்பம் சிஸ்டர் என்னைப் பார்த்தாக. கீழ உக்காந்திருக்கிற ஷமீமாவைப் பார்த்தாக. ஒரு பெருமூச்சு விட்டாக. என் ரெண்டு கையையும் பிடிச்சு இறக்கிவிட்டு, ரொம்ப மெதுவாச் சொன்னாக, "இப்பத்தான்யா இறங்கிப் போனாரு."

கேட்டீங்களா? சிஸ்டரே சொல்லிட்டாக! ஆளே இல்லன்னு சாதிச்ச அதே அம்மா! நான் விடுவேனா? படியில இறங்கி ஓடினேன். கேன்டீன், வராந்தா, கார் நிறுத்துற இடம். கேட்டுல ஒரு வெள்ளைக் கார் வெளிய திரும்பிக்கிட்டு இருந்துச்சு, கறுப்புக் கண்ணாடி. அவருதான். அந்தக் காரு ரோட்டுல மறையிற வரைக்கும் வெயில்ல கும்பிட்டபடி நின்னேன்.

மேல வந்தா வடிவை ஐ.சி.யு.வுக்குக் கொண்டு போயிட்டாக. கண்ணு முழிச்சாளாம். முழிச்சு முதல்ல, "அவுக எங்க?"ன்னு கேட்டாளாம். சிஸ்டர், "டாக்டரைத் தேடிப் போயிருக்காரு"ன்னாகளாம். இவ கண்ணை மூடிக்கிட்டு லேசாச் சிரிச்சாளாம். எனக்காகப் பெருமைதான், வேற என்ன.

ரெண்டு மூணு நாள் தேத்தி, எபநேசர் டாக்டர்தான் ஆபரேஷன் பண்ணாரு. நான் மறு பேச்சு பேசல. நீலமேகம் காப்பாத்திக் கொடுத்த உசுரு, இனி யாரு தைச்சா என்ன? நான் தள்ளிப் போட்டதும் நல்லதாப் போச்சு பாருங்க. தள்ளிப் போடாம முன்னாலயே பண்ணியிருந்தா, அவரு அன்னைக்கு இருந்திருப்பாரோ இல்லையோ. இதை எபநேசர்கிட்டச் சொன்னேன். அவரு திரும்பவும் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு.

வீட்டுக்கு வரும்போது சும்மா வரல. ஏணி வாங்கிப் போட்டு, அந்த வார்டு ஸ்பீக்கரை இறக்கி, லூஸ் வயரெல்லாம் மாத்தி, கரகரப்பு இல்லாம பண்ணிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன். பிரிசில்லாவுக்கு மைக்கை எங்க வைக்கணும்னு காட்டிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை, நான் உள்ள இருக்கிற வரைக்கும் ஒரு கையை மைக் சுவிட்ச் மேலயே வச்சிருந்துச்சு. வடிவு அந்த நேரம் பூரா ஷமீமா கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ பேசிக்கிட்டு இருந்தா. ரெண்டு பேரும் அழுத மாதிரி இருந்துச்சு. பொம்பளைக விஷயம், நான் போகல.

மானூர் தாண்டியாச்சு போல. இந்தா, திரும்பிப் பாக்குதா. என்ன வடிவு? ஆமா, இந்தத் தம்பியும் அங்கதான், அப்பாவுக்கு நெஞ்சு. சொல்லிட்டேன், சொல்லிட்டேன். என்ன சொல்லுத? சத்தமாச் சொல்லு, இஞ்சின் சத்தத்துல கேக்கல.

கேட்டுச்சா தம்பி? ஷமீமா டாக்டரைப் பாருங்கன்னு சொல்லுதா. இன்னைக்கு அந்தப் பிள்ளைக்குன்னு சீடை வேற சுட்டு எடுத்துக்கிட்டு வாரா.

நல்ல பிள்ளைதான், நான் இல்லைங்கல. நீலமேகம்னு பேரு வந்தாப் போதும், அவருக்கு முன்னால அது வந்து நிக்கும், அவ்வளவு பக்தி அவரு மேல. அவரு கைக்கு உதவியா இன்னும் நாலு வருஷம் கூடவே இருந்துச்சுன்னா, எழுதி வச்சுக்கிடுங்க, பெரிய டாக்டரா வந்துரும்.